மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டாயே

அன்புள்ள மல்லிகாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா, பள்ளிக்கூடம் போகிறாளா? இவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வேளைக்கு வேளை சொட்டு மருந்து, குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று ஒரு மாதத்துக்குக் கெடுபிடி. சும்மா உட்கார முடியாத மனிதர். பேப்பரை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உனக்குச் சந்தோஷமான ஒரு சேதி. நாம் படித்த தட்டச்சுப் பயிலகம் இன்னும் நடக்கிறது. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது மாடியில் சத்தம் கேட்டு ஏறிப் போய்ப் பார்த்தேன். நிறையப் பெண்பிள்ளைகள். குரூப் 4 எழுதி டைப்பிஸ்ட் வேலைக்குப் போக லோயர், ஹையர் சான்றிதழ் வேண்டுமே, அதனால் பரீட்சைக்கு ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறது. மெஷின்கள் எல்லாம் நம் காலத்து ரெமிங்டன், கோத்ரெஜ்தான். கடைசி பெஞ்சில் ஒரு பெண் 'யளனக'வை விரல் மாறாமல் அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் வேலைக்குப் போகப் போகும் முதல் பெண் அவள்தானாம். நம் இரண்டு பேருக்கும் அப்படித்தானே இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குப் போனில் பேசும்போது, "நம்மை மாதிரி ஆட்களுக்கு மறைக்க என்னடி இருக்கிறது, எவன் பார்த்தால் என்ன?" என்று கேட்டாய். இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் அப்போது பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது சாவகாசமாக எழுதுகிறேன்.

நாம் வயிற்றுப்பாட்டுக்காகக் கற்றுக்கொண்ட அந்த இயந்திரத்தின் பிறப்பிலேயே உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது. தட்டச்சு என்றாலே ஷோல்ஸ் என்பவரையும், 1874இல் அமெரிக்காவில் ரெமிங்டன் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த மெஷினையும்தான் சொல்வார்கள். துப்பாக்கியும் தையல் மெஷினும் செய்துகொண்டிருந்த கம்பெனி அது. அந்த முதல் மாடலில் பெரிய எழுத்து மட்டும்தான் அடிக்கலாம். ஆனால் அதற்கு அறுபது வருஷத்துக்கும் மேலே முன்னால், இத்தாலியில் பெல்லெக்ரீனோ துர்ரி என்பவர் எழுதும் இயந்திரம் ஒன்றைச் செய்திருக்கிறார். கரோலினா ஃபந்தோனி என்ற சீமாட்டிக்காகச் செய்தது. அவருக்குக் கண்பார்வை இல்லை. கடிதம் எழுத வேண்டுமென்றால் இன்னொருவரிடம் வாயால் சொல்லித்தான் எழுத வைக்க வேண்டும். அந்த இன்னொருவர் இல்லாமலே அவர் நினைத்ததை நினைத்தவருக்கு எழுத முடிந்தது இந்த இயந்திரத்தால்தான். இயந்திரம் இன்று இல்லை. 1808 முதல் அவர் அதில் அடித்த கடிதங்கள் சில பத்திரமாக இருக்கின்றன.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அப்பாயி ஞாபகம்தான் வந்தது. உனக்கு அப்பாயியைத் தெரியும், காது நிறையத் தண்டட்டி போட்டிருக்கும். அதற்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் அத்தையை மாயவரத்துக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள், அங்கே அத்தை படாத பாடு பட்டது. மகளுக்கு அப்பாயி கடுதாசி போட வேண்டுமென்றால் போஸ்ட்மேனிடமோ பக்கத்து வீட்டு வாத்தியாரிடமோதான் சொல்லி எழுத வேண்டும். ஊர் வாய் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியாதா? அதனால் "இங்கு யாவரும் சுகம், பசு கன்று போட்டிருக்கிறது" என்பதற்கு மேல் அந்தக் கடுதாசியில் எதுவும் இருக்காது. அங்கிருந்து பதில் வந்தாலும் திண்ணையில் வைத்து நாலு பேர் கேட்கத்தான் வாசிப்பார்கள். அத்தைக்கும் அது தெரியும், அதுவும் சுகம் என்றுதான் எழுதும்.

நான் எழுத்துக்கூட்டி எழுதத் தொடங்கியதும் அப்பாயி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கதவைச் சாத்தியது. அது சொல்லச் சொல்ல நான் இன்லேண்டில் எழுதினேன். நடுவில் தம் மாப்பிள்ளையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, சொல்லிக்கொண்டே போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு "இதை எழுதாதே" என்றது. சின்னப் பிள்ளை நான், என்னிடம்கூட அதனால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் வேறொரு காது இருந்தால் சொல்ல முடியாத பேச்சு எவ்வளவோ உண்டு மல்லிகா. அப்பாயி என்ன தப்பு செய்தது, மறைப்பதற்கு? ஒன்றும் இல்லை. அதற்கு மகளிடம் தனியாகப் பேச வேண்டியிருந்தது. அந்த வசதி அதற்குச் சாகும்வரை வாய்க்கவில்லை.

இன்றைக்கு எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்கும் எழுதத் தெரியாது. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். வேலை முடிந்ததும் கொல்லைப்படியில் உட்கார்ந்து, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்புகிறார். அவள் பதில் வந்தால் காதோடு காதாக வைத்துக் கேட்கிறார். அழ வேண்டியிருந்தால் அழுகிறார். நான் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிடுவேன். நல்ல காலம் வந்திருக்கிறது என்று நினைக்க இந்த ஒரு காட்சி எனக்குப் போதும். போனைத் திட்டுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் நடுவில் இருந்த ஆள் முழுக்கப் போய்விடவில்லை. துர்ரி அந்த மெஷினுக்கு மை வேண்டும் என்று கார்பன் தாளையும் சேர்த்தே செய்திருக்கிறார். தனிமையைக் கொடுத்த அதே பொருளோடு, படியெடுக்கிற வழியும் கூடவே வந்துவிட்டது. கோர்ட்டில் நான் டைப்பிஸ்டாக இருந்தபோது ரகசியக் கடிதம் அடித்தால், எங்கள் மேலதிகாரியான சிரஸ்தார் வேறெதையும் கேட்க மாட்டார், கார்பனைத்தான் முதலில் கேட்பார். புதுக் கார்பனில் ஒரு தடவை அடித்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் வரி வரியாகப் படித்துவிடலாமே. என் கண்முன்னால் நாலாகக் கிழித்துத்தான் குப்பையில் போடுவார்.

ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சியில் 1983இல் ஒரு சட்டம் போட்டார்கள். வீட்டில் தட்டச்சு மெஷின் வைத்திருந்தால் போலீஸில் பதிவு செய்ய வேண்டும், அதில் அடித்த மாதிரித் தாளையும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கைநாட்டு உண்டு, உனக்குத் தெரியும். ஒன்றில் ஒரு எழுத்து சற்றே ஏறி நிற்கும், இன்னொன்றில் மை அடைத்துக்கொண்டிருக்கும். அரசாங்கத்தைப் பற்றித் துண்டறிக்கை ஒன்று வெளியே வந்தால், எந்த வீட்டு மெஷினில் அடித்தது என்று ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். ஆபத்தானவர் என்று அவர்களுக்குத் தோன்றினால் மெஷின் வைத்துக்கொள்ளவே அனுமதி கிடையாது.

அடுத்த வருஷமே, 1984இல், மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்து மெஷின்களைக் கழற்றி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஐபிஎம் செலக்ட்ரிக் மெஷின்கள். உள்ளே இருந்த ஒரு உலோகச் சட்டத்தைக் குடைந்து, வெளியே தெரியாதபடி கருவி வைத்திருந்தார்கள் சோவியத் ஆட்கள். எழுத்தை அடிக்கும்போது உள்ளே அசைகிற கம்பிகளின் அசைவை வைத்தே எந்த எழுத்து என்று கண்டுகொண்டு ரேடியோ அலையில் வெளியே அனுப்பிவிடும். மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் சேர்த்து 16 மெஷின்கள் இப்படி இருந்தன. தாளில் எழுத்து விழும்போதே அது வேறொருவர் கைக்கும் போய்க்கொண்டிருந்தது.

இதெல்லாம் பெரிய இடத்து உளவு, நமக்கென்ன என்றுதானே நினைக்கிறாய்? உன் போனில் தமிழ் அடிக்க ஒரு கீபோர்டு ஆப் போட்டிருக்கிறாயே, அதைப் போடும்போது ஒரு எச்சரிக்கை வந்திருக்கும். நீ அடிக்கிற எல்லாவற்றையும், பாஸ்வேர்டு, கார்டு நம்பர் உட்பட, இது சேகரிக்கக் கூடும் என்று. நாம் யாரும் அதை வாசிப்பதில்லை, சரி என்று தட்டிவிடுகிறோம். 2017இல் ஏஐ.டைப் என்ற கீபோர்டு ஆப்பைப் பயன்படுத்திய சுமார் 3 கோடியே 10 லட்சம் பேருடைய விவரங்கள் பூட்டில்லாத கிடங்காக இணையத்தில் கிடந்தன. 2024இல் கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள், சீன மொழியில் அடிக்க உதவும் கீபோர்டு ஆப்களைச் சோதித்தார்கள். 9 நிறுவனங்களின் ஆப்களில் 8 நிறுவனங்களுடையவற்றில், அடிக்கும் எழுத்துகளை நடுவழியில் படித்துவிட முடிகிற ஓட்டை இருந்தது. அடுத்த வார்த்தையை ஊகித்துக் கொடுப்பதற்காக, அடித்ததை எங்கோ இருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்புகின்றன. அனுப்பும் வழிதான் பத்திரமாக இல்லை. மாஸ்கோவில் உலோகத்தைக் குடைந்து வைக்க வேண்டியிருந்தது. இப்போது நாமே இறக்கி வைத்துக்கொள்கிறோம்.

போஸ்ட்மேனுக்கு ஒரு முகம் இருந்தது. நம் வீட்டு மோர் குடித்தவர். சாவுத் தந்தி வந்தால் உள்ளே இருப்பது அவருக்கு முன்பே தெரியும், முகத்தைப் பார்த்தே நாம் புரிந்துகொள்வோம். வாய் தவறிப் பேசினால் கேட்கலாம், அவருக்கும் வெட்கம் இருக்கும். கொஞ்ச நாளில் மறந்தும் போவார். இன்றைக்கு நடுவில் இருப்பவர் யாரென்று தெரியாது, எதையும் மறக்கவும் மாட்டார். வாட்ஸ்அப்பில் அனுப்புவதை 2016இலிருந்து அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம், பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனாலும் யாரோடு, எப்போது, எத்தனை தடவை பேசினோம் என்பதெல்லாம் அந்தப் பூட்டுக்குள் அடங்காது. ஒரு பெண் ராத்திரியில் மருத்துவருக்கும், விடியற்காலையில் அம்மாவுக்கும், பத்து மணிக்கு வக்கீலுக்கும் போன் போட்டாள் என்று தெரிந்தால் போதாதா? பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

எதிர் வீட்டுப் பையன் கதையைச் சொன்னால் உனக்கு இன்னும் புரியும். தங்கையின் காலேஜ் ஃபீஸுக்காக ஏதோ ஒரு கடன் ஆப்பில் சின்னத் தொகை வாங்கியிருக்கிறான். தவணை தவறியதும் அவன் போனில் இருந்த எல்லா நம்பருக்கும் அவன் படத்தைப் போட்டு, திருடன் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். எனக்கும் வந்தது, அவன் வேலை பார்க்கும் கடை முதலாளிக்கும் வந்தது, தங்கைக்குப் பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டுக்கும் போயிருக்கிறது. ஆப் போடும்போது காண்டாக்ட் பார்க்க அனுமதி கேட்டது, கொடுத்தேன் என்கிறான். கடன் ஆப்கள் போன் நம்பர்களையும் படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே சொல்லிவிட்டது. அனுமதியில்லாமல் நடத்துகிறவன் அதையெல்லாம் எங்கே மதிக்கிறான்? சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்து புகார் கொடுக்க வைத்தேன். பையன் இன்னும் வாசலுக்கு வரக் கூசுகிறான். மல்லிகா, அந்தப் பையனுக்கு மறைக்க என்ன இருந்தது, சொல். ஏழைப்பட்ட வீட்டின் மானம் இருந்தது.

இதை நம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி என்ற பெரியவர், 80 வயதைத் தாண்டியபின் ஆதார் விஷயமாக வழக்குப் போட்டார். 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்தரங்கமெல்லாம் வசதி படைத்தவர்களின் கவலை என்று அரசுத் தரப்பில் வாதம் வைத்தார்கள், அதை நீதிமன்றம் ஏற்கவில்லை. சர்வீஸ் முழுக்கத் தீர்ப்பு அடித்தவள் நான், படித்து மனசு நிறைந்த தீர்ப்புகளில் இது ஒன்று. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. எதற்கென்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், கொடுத்த சம்மதத்தை நாம் திரும்பப் பெறலாம் என்கிறது. ஆனால் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ள அதில் நல்ல அகலமாக வழி வைத்திருக்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ருமேனியாவில் வீடு வீடாக மாதிரித் தாள் வாங்கியது கம்பெனிக்காரன் இல்லையே.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போனில் செட்டிங்ஸுக்குள் போய், எந்த ஆப்புக்கு எதைப் பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறாய் என்று ஒவ்வொன்றாகப் பார். டார்ச் ஆப்புக்குக் காண்டாக்ட் எதற்கு? எடுத்துவிடு. விளம்பரம் பார்த்துப் போட்ட கீபோர்டைத் தூக்கிவிட்டு, போனோடு வந்த தமிழ் கீபோர்டையே வைத்துக்கொள். புரியவில்லை என்றால் மருமகளிடம் கேள், அவள் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பாள். பேத்தி படத்தை அவள் பள்ளிக்கூடப் பேர் தெரிய ஸ்டேட்டஸில் வைக்கிறாயே, அதை மட்டும் தயவுசெய்து இன்றைக்கே நிறுத்து.

அப்புறம், உன் மகன் விஷயமாக நீ சொல்ல வந்து பாதியில் நிறுத்தினாய். பக்கத்தில் ஆள் இருந்தார்கள் போலிருக்கிறது. இவருக்குக் கண் சரியானதும் தை மாதம் பெங்களூர் வருவதாக இருக்கிறோம், அப்போது பேசுவோம். அதுவரை பொறுக்க முடியாதென்றால் எழுது. உன் கையெழுத்து எனக்கு நன்றாகப் புரியும். முருங்கைக்காய் கொண்டு வருகிறேன், வேறென்ன வேண்டும் என்றும் எழுது.

அன்புடன்,
வசந்தா