லாரியோடு நின்றுவிடும் வழக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவக் கழிவு கொட்ட வந்த லாரி பிடிபட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம் கடைசி வரி வரை படிக்கிறேன். டிரைவர், கிளீனர், கூடவே ஒரு புரோக்கர். கழிவை ஏற்றி அனுப்பிய ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் மேல் வழக்கு என்ற வரியை அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது.

நான் தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் போடுகிறவன். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவு கிடந்தபோது, பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு வைத்தது. 22-ஆம் தேதி கேரளத்திலிருந்தே ஆட்களும் லாரிகளும் வந்து அள்ளிப்போனார்கள். குவியலுக்குள் கிடந்த நோயாளிகளின் சீட்டுகளில் ஆஸ்பத்திரிப் பெயர் இருந்தது. எங்கள் கழிவு இல்லை என்று அந்த நிர்வாகம் சொல்ல வழியில்லை.

எங்கள் ஊரில் அதற்குச் சில வருடம் முன்பு நடந்ததில் அப்படி ஒரு சீட்டும் சிக்கவில்லை. குளத்துக்குள் மேய்ந்த வெள்ளாட்டின் குளம்பில் ஊசி ஏறிவிட்டது. நான்தான் குறடு வைத்துப் பிடுங்கினேன். ஊசியோடு ஒரு விரல் நீளத்துக்கு டியூப், உள்ளே காய்ந்துபோன ரத்தம். யாருக்கு என்ன நோயோ! நாற்றம் தாங்காமல் ஊரே சேர்ந்து அந்தக் குவியலைக் கொளுத்தினோம். கொட்டியது யாரென்று இன்றுவரை தெரியாது.

2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு கழிவுப் பையிலும் பார்கோடு இருந்தாக வேண்டும். முறைகேடாகக் கையாண்டு சேதம் விளைந்தால் ஆஸ்பத்திரியும் பொறுப்பு. ஆனால் தண்டனை எங்கே போகிறது? சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை என்று இருந்ததை, 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் என்ற மத்திய அரசுச் சட்டம் 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாற்றிவிட்டது. இங்கே 2025 ஏப்ரலில் சட்டப்பேரவை குண்டர் சட்டத்தைத் திருத்தி, மருத்துவக் கழிவு கொட்டுகிறவரை விசாரணையே இல்லாமல் அடைத்து வைக்க வழி செய்தது. அதில் மாட்டப்போவது வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவர்தான். நிர்வாகம் அபராதத்தைச் செலவோடு செலவாகக் கட்டிவிட்டுப் போய்விடும்.

கேரள எல்லையில் புளியரையிலும் களியக்காவிளையிலும் சோதனை வேண்டும், மறுக்கவில்லை. வண்டி பிடிபட்டால் முதலில் பைகளைப் பிரித்து பார்கோட்டையும் சீட்டுகளையும் எடுங்கள். ஆஸ்பத்திரி நிர்வாகத்தை முதல் குற்றம்சாட்டப்பட்டவராக எப்.ஐ.ஆரில் சேருங்கள். பார்கோடு கிழிக்கப்பட்டிருந்தால், சந்தேகப்படும் ஆஸ்பத்திரி அனுப்பியதாக எழுதிவைத்த எடையும், மருத்துவக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் வரவு வைத்த எடையும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். அதுவரை கொட்டிய குவியலை யாரும் கொளுத்தவோ புதைக்கவோ விடாதீர்கள். நாங்கள் செய்த தப்பு அதுதான்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.