பாப்பாவின் ஆசையும் என் கணக்கும்

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதவி உயர்வு நேர்காணலுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கையெழுத்துப் போட்டே பொழுது போனது. ஒருவழியாக முடிந்தது. இனி நான் பேராசிரியர். வீட்டில் கேசரி, டிபார்ட்மென்டில் சமோசா. கொண்டாட்டம் அவ்வளவுதான்.

பாப்பா எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, "மாமா மாதிரி புரொஃபசர் ஆகணும்" என்கிறாளாமே! நீ என்னவோ நான் சொன்னால் கேட்பாள் என்று எழுதியிருக்கிறாய். தடுக்க மாட்டேன்டா. கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சிஎஸ்ஐஆர் நெட் என்ற தகுதித் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. நாம் வாங்கியதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் மாதாமாதம் ஒன்றாம் தேதி வந்துவிடும் என்று யாரும் நம்பி வாடகைக்கு வீடு பிடிப்பதில்லை. பிஎச்.டி. ஐந்து வருடம், அதற்கு மேல் வெளிநாட்டில் ஆராய்ச்சி, அதாவது போஸ்ட்டாக், இரண்டு மூன்று வருடம். ஊர் திரும்பும்போது முப்பது தாண்டியிருக்கும்.

நிறையப் பேர் கழன்றுகொள்வது அதற்குப் பிறகுதான். நிரந்தரப் பணியிடத்துக்கு அறிவிப்பு எப்போது வரும், வந்தாலும் வழக்கு விழாமல் நடக்குமா, ஒருவருக்கும் தெரியாது. அதுவரை கௌரவ விரிவுரையாளர், இல்லை தனியார் கல்லூரி. நான் முதலில் சேர்ந்த தனியார் கல்லூரியில் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டிக்கொண்டார்கள். மே மாத வெயிலில் ஊர் ஊராக அனுப்பி, ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டுக் கதவைத் தட்டவைத்தார்கள். ஆர்கனோமெட்டாலிக் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவன், "உங்க பையனுக்கு பஸ் வசதி இருக்குங்க" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். இதை அவளிடம் மறைக்காமல் சொல்.

நிரந்தர வேலை கிடைத்துவிட்டால் நிம்மதி. உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. பிஎச்.டி. இருந்தால் நான்கு, ஐந்து, மூன்று, மூன்று என்று படியேறி, 2018 யுஜிசி விதிப்படி 15 வருடத்தில் பேராசிரியர். அது காகிதத்தில். கமிட்டி கூடவே இரண்டு வருடம் ஆகும்.

இத்தனையும் தெரிந்து வருகிறாள் என்றால், ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்காதே, ஆராய்ச்சியை வழிநடத்தும் கைடைப் பார். அவரிடம் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்கட்டும். அவரிடம் இல்லை, லேபில் நாலாவது வருடம் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவரை டீக்கடைக்குக் கூட்டிப்போய்க் கேட்கட்டும். உண்மை அங்கேதான் வரும்.

பெண்பிள்ளை, கல்யாணம் என்ன ஆவது என்று உன் வீட்டில் கவலைப்படுகிறார்கள் என்றாய். வேதியியல் விஞ்ஞானி அசீமா சாட்டர்ஜியைச் சொல். 1940இல் கல்கத்தாவில் லேடி பிரபோர்ன் கல்லூரியில் வேதியியல் துறையைத் தொடங்கிவைத்தவர். 1944இல் டி.எஸ்சி. என்ற டாக்டர் பட்டம். 1947இல் கைக்குழந்தையோடு அமெரிக்கா போய், பிறகு சூரிக்கில் நோபல் வாங்கிய பால் காரரிடம் வேலை பார்த்தார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ரீடராக வந்தது 1954இல், 'கைரா பேராசிரியர்' என்ற பெருமைமிக்க பதவிக்கு வந்தது 1962இல்தான். அதற்கு முந்தைய வருடமே அறிவியலுக்கான பட்நாகர் விருது கையில் இருந்தது! நித்தியகல்யாணிச் செடியில் உள்ள ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள்கள் வரை ஆராய்ந்த அம்மாவுக்கே இவ்வளவு காலம்.

எனக்கு இப்போது லேபில் ரசாயனப் புகையை இழுக்கும் ஃபியூம் ஹூட் பக்கம் போகவே நேரமில்லை. புராஜெக்ட் புரொபோசல், கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் ஃபைல், வைவா. ஆனாலும் நேற்று மாலை முதல் வருடப் பெண் ஒருத்தி கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகக் காட்டும் டிஎல்சி தகட்டை யூவி விளக்கடியில் காட்டி, "சார், ஒரே ஸ்பாட்!" என்றாள். மூன்று மாதமாகக் கலப்படமாக நான்கு ஸ்பாட் வந்துகொண்டிருந்த ரியாக்‌ஷன். பொருளின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனைக்கு ஐஐடிக்கு அனுப்பி ரிசல்ட் வந்தால்தான் நிச்சயம் என்று முறைப்பாகச் சொல்லிவிட்டு, ரூமுக்கு வந்து தனியாகச் சிரித்தேன்.

பாப்பாவைத் தீபாவளி லீவில் ஒரு வாரம் அனுப்பிவை. என் ஸ்காலர்களோடு லேபில் இருக்கட்டும், பாத்திரம் கழுவட்டும், பிறகு முடிவு செய்யட்டும். வரும்போது சர்டிபிகேட் எதுவும் வேண்டாம், மூடிய செருப்பும் காட்டன் சுடிதாரும் போதும். தங்கச்சியை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய லேப் பார்ட்னர்