பேர்ல் ஒயிட்டுக்கு ஒரு வரிதானா?

ஆசிரியருக்கு,

உங்கள் கட்டுரையில் மௌனப்படச் சாகசம் என்றதும் நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸுக்குப் பத்தி பத்தியாக இடம் கொடுத்துவிட்டு, நடிகை பேர்ல் ஒயிட்டை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! அமெரிக்காவின் மிசௌரியில் 1889-ல் பிறந்தவர். 1914-ல் வந்த 'பெரில்ஸ் ஆஃப் பாலின்' தொடர்படத்தின் 20 பாகங்களுக்கும் அவர்தான் கதாநாயகி. அந்தப் படப்பிடிப்பில் விழுந்து முதுகெலும்பில் பட்ட அடி ஆயுசுக்கும் அவரை விடவில்லை.

சாகசமெல்லாம் அவரே செய்கிறார் என்றுதான் விளம்பரம். தொடக்கத்தில் பெரும்பாலும் உண்மைதான். போகப்போக டூப் வந்துவிட்டார்கள். 1922 ஆகஸ்டில் நியூயார்க் தெருவில், ஓடும் பஸ்ஸின் கூரையிலிருந்து உயரத்தில் போகும் ரயில் பாதையின் இரும்பு உத்தரத்துக்குத் தாவிய அவருடைய டூப் ஜான் ஸ்டீவன்சன், பிடி தவறி விழுந்து மண்டை உடைந்து இறந்தார். அப்புறம்தான் ஜனங்களுக்கு விஷயமே தெரிந்தது. டூப்பின் பெயர் வெளியே வர அவர் சாக வேண்டியிருந்தது, பாருங்கள்.

பிறகு பேர்ல் ஒயிட் பிரான்ஸ் போனார். 1924-ல் கடைசிப் படம். வறுமையில் வாடிய நட்சத்திரக் கதை இல்லை இது. நைட் கிளப், ஹோட்டல், பந்தயக் குதிரை என்று பணத்தைப் போட்டு வசதியாகவே வாழ்ந்தார். குடிதான் கெடுத்தது. 1938-ல் பாரிஸ் அருகே இறந்தபோது வயது 49. அடுத்த முறை அவருக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

- வாசகர், திருச்சி