குளக்கரைக் கிட்டங்கியிலிருந்து ஒரு நன்றி

ஊர்க்காரர்களுக்கும் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

பதிமூன்று மாதம் கழித்து நன்றி சொல்ல வருகிறாளே என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளத்தில் முங்கிய நம் இயற்கை மையத்தின், அதாவது இந்தப் பழைய நெல் கிட்டங்கியின், கதவை மறுபடி திறந்த பிறகுதான் எழுதுவது என்று பிடிவாதமாக இருந்தேன். பொங்கல் கழிந்த மறுவாரம் திறந்தோம். அன்று ராத்திரியே பேனாவை எடுத்துவிட்டேன்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழையை யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்று பிறகு படித்தோம். நம் நாங்குநேரிப் பக்கம் அந்த அளவு இல்லை. ஆனால் மேலே இருக்கிற குளங்கள் ஒவ்வொன்றாக நிரம்பி மறுகால் பாய்ந்தால் அத்தனை தண்ணீரும் நம் குளத்துக்குத்தானே வந்தாக வேண்டும்? திங்கள் காலையில் கிட்டங்கிக்குள் இடுப்பளவு தண்ணீர். பிள்ளைகள் வரைந்த பறவைப் படங்கள், தட்டான் பூச்சியின் தோலுரிகளைச் சேர்த்து வைத்திருந்த டப்பாக்கள், இரண்டு தொலைநோக்கி, விதைப் பாட்டில்கள், எல்லாம் மிதந்தன. நோட்டுகள் மட்டும் மிதக்கவில்லை. இரும்பு அலமாரியின் அடித்தட்டில் இருந்ததால் அப்படியே முங்கிவிட்டன.

அந்த நோட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011-இல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரிக் கடைசியிலும் நடக்கும். அதில் சேர்ந்து எண்ணப் பழகிய நாலைந்து பேர்தான் பிறகு இந்தக் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்தோம். ஜனவரிக் கணக்கு, நடத்துகிறவர்களிடம் பத்திரமாக இருக்கும். ஆனால் மற்ற பதினோரு மாதமும் சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் கரையில் நின்று எழுதியது வேறு எங்கேயும் கிடையாது. கூழைக்கடா எந்த வாரம் சுள்ளி பொறுக்க ஆரம்பித்தது, நாமக்கோழிகள் எப்போது கிளம்பிப் போயின, மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து நம் குளத்தில் எத்தனை நாள் தங்கியது, எல்லாம் அந்தக் கோணல்மாணல் எழுத்தில்தான்.

முதல் நன்றி நூறு நாள் வேலை அக்காமாருக்கு. தண்ணீர் வடிந்த மறுநாள் உங்கள் வீட்டிலேயே சேறு கிடந்தது, எனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு மண்வெட்டியும் சட்டியுமாக வந்து நின்றீர்கள். சம்பளப் பதிவில் ஏறாத வேலை அது. கிட்டங்கியிலிருந்து அள்ளிய சேற்றை வாசலில் குவித்தபோது, "இது நல்ல வண்டல்லா, தூரப் போடாதீய" என்று சொன்ன ஆச்சியின் பேச்சைக் கேட்டோம். இப்போது அந்த இடத்தில் கீரைப் பாத்தி.

சேறு அள்ளும்போது மூலையிலிருந்து ஒரு பாம்பு வந்தது. இரண்டு பேர் கம்பை ஓங்கிவிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் குறுக்கே போய், "மாமா, அடிக்காதீய! தண்ணிப் பாம்புதான். கண்ணுக்குக் கீழ ரெண்டு கறுப்புக் கோடு பாருங்க, மேலெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு. கடிச்சாலும் விஷம் கெடையாது" என்றான். குரல் நடுங்கத்தான் செய்தது. கம்பை இறக்கிய அந்த இரண்டு மாமாக்களுக்கும் நன்றி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு விஷப் பாம்பையும் அட்டையில் வரைந்து நான் பாடம் நடத்தியபோது அவன் வெளியே பார்த்துக்கொண்டுதான் இருந்தான். எப்போது காதில் வாங்கினானோ!

இனி நோட்டு விஷயம். பேனாவால் எழுதிய பக்கங்களில் நீலம் கரைந்து ஓடிவிட்டது. பென்சிலால் எழுதியது அப்படியே நின்றது. மையத்தில் இப்போது பேனாவுக்கு இடமில்லை. ஆனால் ஈரத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழிகிறது. வெயிலும் இல்லை, கரண்டும் இல்லை. அங்கன்வாடி டீச்சர் தன் கூடத்தைத் திறந்துவிட்டு, இட்லித் துணியைக் கிழித்துக் கொடுத்து, ஒவ்வொரு தாளுக்கு இடையிலும் வைக்கச் சொன்னார். மூன்று நாள் அந்தக் கூடம் முழுக்க எங்கள் தாள்கள்தான். பிள்ளைகள் சுவரோரமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நான்காம் நாள் பஜாரில் துணி தேய்க்கிற அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார். "இப்படிக் காயவச்சா தை பொறந்தாலும் காயாது" என்று சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அங்கன்வாடித் திண்ணையோரம் நிறுத்தினார். கீழே பழைய செய்தித்தாள், மேலே பழைய செய்தித்தாள், நடுவில் நம் தாள். கரிப்பெட்டி சூடு அதிகமாகிவிட்டதால் முதல் தாளிலேயே பெட்டியின் மூக்கு முக்கோணமாகக் கருகிப் பதிந்துவிட்டது. அண்ணாச்சி முகம் செத்துப்போயிற்று. பாதிக் கங்கைக் கொட்டிவிட்டு, உள்ளங்கையைப் பெட்டிக்கு அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். ஆறு நாள். அந்த ஆறு நாளும் அவருக்கு வந்திருக்க வேண்டிய துணி வேறு யாரிடமோ போயிருக்கும். பேச்சே எடுக்கவில்லை.

கருகிய தாள் எது தெரியுமா? 2017 பிப்ரவரி. அதற்கு முந்தின வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த காலம். அந்தச் சனிக்கிழமை எழுதியிருந்தது இவ்வளவுதான்: "குளத்தில் தண்ணீர் இல்லை. ஆடு மேய்கிறது. ஆள்காட்டிக் குருவி 2." அண்ணாச்சி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ரெண்டு ஆளுக்காட்டிக்கா தாயி இம்புட்டு பாடுபடுதீய?" என்றார். ஆமா அண்ணாச்சி. பறவை ஆயிரக்கணக்கில் வந்த வருஷத்தை ஊரே சொல்லும். ஒன்றுமில்லாத வருஷத்தை எழுதிவைக்காவிட்டால் அது நடந்ததற்கே சாட்சி கிடையாது. அன்றைக்கு எனக்குச் சொல்ல வரவில்லை, இப்போது சொல்கிறேன்.

நீர்ப்பாசன சங்கத்துக்கு நன்றி சொல்ல வேண்டிய காரணம் வேறு. உடைந்த கரையைச் சரிபண்ண வந்தபோது, வேலை எடுத்தவர் குளத்துக்குள் நிற்கிற நாட்டுக் கருவேல மரங்களையும் சேர்த்து வழித்துவிடலாம் என்றார். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு வைக்கிறது அந்த மரங்களில்தான். சங்கத் தலைவர் இயற்கை ஆர்வலர் எல்லாம் இல்லை. நம் கூட்டத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. "பறவை எச்சம் விழுந்த தண்ணி வயலுக்கு உரம்லா. மரம் போச்சுன்னா நான் எங்க போயி யூரியா வாங்குவேன்?" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். வேண்டுமானால் சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கொசுறும் கொடுத்தார். இங்கிருந்து பக்கத்தில்தான் கூந்தன்குளம். 1994-இல் சரணாலயம் ஆவதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஊர்க்காரர்கள் பறவையைத் தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்தார்கள். தலைவர் பேச்சில் அந்த மண்ணின் வாடை இருந்தது.

வாடகையே வாங்காமல் தொலைநோக்கிகளைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ப் பூஞ்சை துடைத்து வாங்கிவந்த லோடு ஆட்டோ தம்பி, அலமாரிக்குச் செங்கல் வைத்து இரண்டடி உயர்த்திக் கொடுத்த கொத்தனார், பழைய படங்கள் போயிற்றே என்று அழாமல் முழு நாற்பது பறவையையும் மறுபடி வரைந்த உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், அவர்களை விட்டுப்பிடித்த டிராயிங் சார், எல்லோருக்கும். பெயர் போடக் கூடாது என்று நீங்களே சொன்னதால் போடவில்லை.

நிதி தருகிறோம் என்று சொல்லிப் பதாகை மட்டும் அனுப்பிய ஒரு நிறுவனமும் உண்டு. பணம் வரவில்லை. பதாகை கெட்டியான சரக்கு. வடக்கு மூலைக் கூரை ஒழுக்குக்கு மேலே கட்டியிருக்கிறோம், இதுவரை ஒரு சொட்டு இறங்கவில்லை. அவர்களுக்கும் நன்றி.

பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். இந்த வருஷம், 2025-இல், ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. காலை ஆறு மணிக்கு மறுகால் பக்கம் கூடுகிறோம். பளிச்சென்ற சட்டை வேண்டாம், தொப்பி இருந்தால் நல்லது. பெரிய பறவைக் கூட்டத்தைப் பத்துப் பத்தாகக் கட்டம் பிரித்து எண்ணுவது எப்படி என்று பிள்ளைகளே சொல்லித் தருவார்கள். தேய்ப்பு வண்டி அண்ணாச்சி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு புது நோட்டும் சீவிய பென்சிலும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
குளக்கரை இயற்கை மையத்துக்காக,
சாவி வைத்திருப்பவள்