ஃபிரிட்ஜுக்குள் குண்டு பல்பு

தக்கலை

அன்பு மக்கா,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. கோவையில் வாங்கிய வாகைக் கட்டை வெடித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே என் அயினிக் கட்டையும் அதே கதைதான்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படித்தோம். மரம் கடையும் கடைசல் பட்டறை வைத்தவனுக்கு அது தண்டனை, ஈரக் காற்றில் கட்டை லேசில் காயாது. ஒரு அங்குலக் கனம் காய ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. அவ்வளவு பொறுமை எனக்கு ஏது? வீட்டில் கேக் சுடும் மின் அடுப்பில் 100 டிகிரி வைத்து, பாதி கடைந்த, ஈரம் காயாத மரக் கிண்ணத்தை உள்ளே தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் 'டப்' என்று வாய் பிளந்தது. வெளியே காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நின்றால் மரம் வேறென்ன செய்யும்? "இந்த அடுப்பை இனி நீங்களே வச்சுக்கிடுங்க" என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்.

அப்புறம்தான் கம்ப்ரசர் போன பழைய ஃபிரிட்ஜ் நினைவுக்கு வந்தது. குளிரைக் காத்த சுவர் சூட்டைக் காக்காதா? மெக்கானிக்கை அழைத்து வாயுவை முறையாக எடுத்தேன் (சிலவற்றில் தீப்பற்றும் வாயு இருக்கும், நீயாகக் குழாயை வெட்டாதே). அடியில் இரண்டு, மேலே இரண்டு ஓட்டை. கீழே 60 வாட் குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரின் சின்ன விசிறி. 40 டிகிரிக்கு மேல் விடுவதில்லை. கதவைச் சாத்தினால் உள்ளே விளக்கு அணையுமா என்று சின்ன வயதில் சண்டை போட்டோமே, இதில் அணையாது! பேரன் ஒளிந்து விளையாடுவான் என்று வெளியே உயரத்தில் கொக்கியும் போட்டாயிற்று.

கிண்ணத்தின் சுவரைக் கனமாக விட்டு, குறுக்குவெட்டில் மெழுகு பூசி வைக்கிறேன். தினமும் காலையில் சமையல் தராசில் எடை. 612 கிராமில் தொடங்கியது மூன்று வாரத்தில் 455. மூன்று நாள் அதே எடை நின்றதும் வெளியே எடுத்தேன். கொஞ்சம் கோணியிருந்தது, வெடிப்பு இல்லை. மறுபடி கடைந்து வட்டமாக்கிவிட்டேன்.

மருமகன் சிப்பி வைத்து எபாக்சி பிசின் ஊற்றிச் செய்யும் சாவிக்கொத்துத் தொங்கலும் இப்போது இதில்தான் இறுகுகிறது. மழை நாளில் ஒட்டிக்கொண்டே கிடந்தது, இந்தச் சூட்டில் மறுநாளே கல்லாகிறது.

ஒரு உதவி. எல்இடி வந்தபிறகு குண்டு பல்பு இங்கே கடைகளில் லேசில் கிடைப்பதில்லை. அங்கே பழைய கடை எதிலாவது 60 வாட் கண்டால் நாலு வாங்கி வை. மைனியைக் கேட்டதாகச் சொல்.

உன்
மக்கா