ஸ்பர்ஜனும் அழுதவர்தான், ஐயா

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில், 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் பிரசங்கித்த பப்டிஸ்ட் போதகர் சார்ள்ஸ் ஸ்பர்ஜன் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். "இந்தத் துணிச்சலான போதகருக்குச் சோர்வு என்றால் என்னவென்றே தெரியாது, அழுது புலம்பும் விசுவாசிகள் இவரைப் பார்த்துத் திருந்த வேண்டும்" என்று ஒரு வரி. அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

1856 ஒக்டோபர் 19 இரவு லண்டன் சரே கார்டன்ஸ் இசை மண்டபத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மண்டபம் நிறைந்த சனம். யாரோ "தீ" என்று கத்த, முண்டியடித்து ஓடியதில் 7 பேர் செத்துப்போனார்கள். பிரசங்கம் பண்ண நின்ற ஸ்பர்ஜனுக்கு வயது 22. அவரைத் தாங்கித்தான் வெளியே கொண்டுபோனார்கள். பல நாள் எழும்ப முடியாமல் கிடந்தார். அந்த மனச்சோர்வு பிறகும் அவரிடம் திரும்பத் திரும்ப வந்தது. அவர் அதை மறைக்கவில்லை. போதக ஊழியத்துக்குப் படித்த தன் மாணவர்களுக்கு அதைப் பற்றியே ஒரு விரிவுரை நடத்தினார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நினைப்பீர்கள். 2004 சுனாமியில் நிலாவெளியில் என் தம்பி போய்விட்டான். அன்று ஞாயிறு; நான் ஆராதனையில் இருந்தேன். மூன்று மாதமாகியும் எனக்குப் பாட்டுப் பாட வாய் வரவில்லை. சபை மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "விசுவாசிக்கு இவ்வளவு அழுகை கூடாது அக்கா, சாட்சி கெட்டுப்போகும்" என்றார். அன்றிலிருந்து குசினிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதேன்.

பக்கத்து வீட்டு மாமிதான் ஒரு பழைய தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். 1990இல் முகாமுக்கு ஓடும்போதும் சொப்பிங் பையில் சுற்றி எடுத்துப்போனாராம். கட்டுக்கம்பி துருப்பிடித்து, தாள்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அந்த மண்டபத்தின் கதை இருந்த பந்தியை விரல் வைத்துக் காட்டினார். அதன் பிறகு கதவைத் திறந்துவைத்து அழுதேன். 1892இல் பிரான்சில் கண்மூடிய ஒரு மனிதர் உப்புவெளியில் என் குசினிக்குள் வந்து பக்கத்தில் இருந்ததுபோல இருந்தது எனக்கு. அவரைக் காட்டியா எங்களைத் திருந்தச் சொல்கிறீர்கள்?

துணிச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1857இல் லண்டன் கிறிஸ்டல் பலஸ் மண்டபத்தில் அவர் பிரசங்கத்தை 23,654 பேர் கேட்டார்கள் என்ற கணக்கை மறக்காமல் போட்டிருக்கிறீர்கள். சரி. ஆனால் அடிமை முறையைக் கண்டித்ததற்காக அமெரிக்காவின் தென்பகுதியில் அவருடைய பிரசங்கங்களை எரித்தார்களே, அதை ஏன் விட்டீர்கள்? புத்தக விற்பனை விழுந்தது, அவர் வாயை மூடவில்லை. உபதேசத்தில் தளர்கிறார்கள் என்று 1887இல் தன் சொந்த பப்டிஸ்ட் சபைகளின் ஒன்றியத்தையே விட்டு வெளியேறினார். தனக்கு நட்டம் வரும் இடத்தில் பேசிய மனிதர் அவர்.

இங்கே துணிச்சல் என்ற பெயரில் நடப்பது வேறு. போன வருடம் எங்கள் பக்கத்துக் கூட்டமொன்றில், பிள்ளைக்கு வலிப்பு நிற்கவில்லை என்று வந்த தாயிடம் "உன் விசுவாசம் போதாது" என்று மைக்கில் சொன்னார்கள். என் காதால் கேட்டேன். அதை உங்களுக்கு எழுதினேன். நீங்கள் பிரசுரிக்கவில்லை. அதே ஆட்களின் அடுத்த கூட்டத்துக்கு அரைப்பக்க விளம்பரம் வந்தது. நத்தாரையும் பெரிய வெள்ளியையும் விட்டால் திருகோணமலைக் கிறிஸ்தவர்கள் உங்கள் பத்திரிகையில் இல்லை. முப்பது வருடமாகக் காசு கொடுத்து வாங்குகிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன், எங்கள் கடிதங்களை யாராவது வாசிக்கிறார்களா?

கட்டுரையோடு போட்ட படத்தில் இருப்பவரும் ஸ்பர்ஜன் இல்லை. அவர் முகம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறோம்.

அவருக்கு மனச்சோர்வு இருந்தது என்று வருகிற ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தமும் சரியான படமும் போட்டால் போதும். மாமிக்கு இப்போது கண் தெரிவதில்லை. நான்தான் உங்கள் இதழை வாசித்துக் காட்டுவேன். அந்த வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். "ஏன் பிள்ளை, மிச்சத்தையும் வாசி" என்றார். வேறு பக்கத்தைத் திருப்பினேன். திருத்தம் வந்தால் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.