மாட்டியே வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கிப் பல நாள் சீட்டைக் கையால் எழுதியது, 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் 150 நாடுகளில் புகுந்தது என எல்லாவற்றையும் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருந்தார். ஆனால் அதைப் படித்து முடித்த என் பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர், "இதெல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம், நம்மிடம் என்ன இருக்கிறது எடுத்துப்போக?" என்று பத்திரிகையை மடித்து வைத்துவிட்டார். அவரைப் போன்றவர்களுக்காகவே இந்தக் கடிதம்.

கோவில்பட்டியில் 26 ஆண்டுகளாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். 2020 தை மாதம், முகூர்த்த நெருக்கடி. ஆல்பம் வடிவமைக்கும் மென்பொருள் ஒன்றை இணையத்தில் தேடி, காசு கொடுக்காமல் கிடைக்கும் "கிராக்" பதிப்பை இறக்கினேன். அதனுடன் வந்த குறிப்பில் முதல் வரியே "ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவவும்" என்பதுதான். நிறுத்தினேன். வீட்டு நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதை. இதில் எந்த ஹேக்கருடைய சாமர்த்தியமும் இல்லை, எல்லாம் என் கைவேலை.

சிறிது நேரத்தில் விண்டோஸ் அப்டேட் ஆவதுபோல ஒரு சாளரம் தோன்றியது. கணினி மந்தமானது, மின்விசிறி இரைந்தது. அப்டேட் என்று நம்பி டீ குடிக்கப் போய்விட்டேன். அது போலிச் சாளரம் என்பதும், அதன் பின்னால் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தன என்பதும் பிறகுதான் தெரிந்தது. திரும்பி வந்து பார்த்தால், வரிசையாகத் தெரிய வேண்டிய மணமக்கள் முகங்கள் எதுவும் இல்லை. எல்லாம் வெள்ளைக் காகிதச் சின்னங்கள். ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமற்ற நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஒவ்வொரு ஃபோல்டரிலும் "ரீட்மி" என்று ஒரு கடிதம். கவலைப்பட வேண்டாம், எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று அன்பாக ஆரம்பித்தது. விலை 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490. அன்றைய கணக்கில் சுமார் 35,000 ரூபாய். மிட்டாய்க் கடையில் ருசி பார்க்கக் கொடுப்பதுபோல, மாதிரிக்கு ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து தருவார்களாம். அதில் மதிப்புள்ள எதுவும் இருக்கக்கூடாது என்ற நிபந்தனை வேறு. ஆடித் தள்ளுபடிக்காரர்கள் இவர்களிடம் பிச்சை வாங்க வேண்டும்.

இதன் பெயர் ஸ்டாப் அல்லது டிஜேவியூ. எய்ம்ஸ் போன்ற இடங்களைத் தேடிப் போகிற ரகம் அல்ல. கிராக், கீஜென் (மென்பொருளைத் திறக்கத் திருட்டு எண் தயாரித்துத் தரும் நிரல்) என்று தேடும் என்னைப் போன்றவர்களுக்காகவே வலை விரித்துக் காத்திருப்பது. பக்கத்துக் கடைக்காரர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நம்மிடம் இருப்பது திருடனுக்கு மதிப்புள்ளதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நமக்கு மதிப்புள்ளதாக இருந்தால் போதும். அதை நமக்கே விற்கிறான்.

என்னிடம் பேக்கப் இருந்தது என்பதுதான் கொடுமை. இரண்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க். வசதிக்காக அதை எப்போதும் கணினியிலேயே மாட்டி வைத்திருந்தேன். சி டிரைவையும் டி டிரைவையும் பூட்டிய கையோடு அதையும் பூட்டிவிட்டுப் போயிருந்தது. விண்டோஸ் தானாக எடுத்துவைக்கும் பழைய நகல்களையும் அழித்திருந்தது. சந்தேகம் வந்த நொடியில் டிஸ்க்கையும் இணைய ஒயரையும் பிடுங்கியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். நான் டீக்கடையில் இருந்தேன்.

மைத்துனர் பணத்தைக் கட்டிவிடலாம் என்றார். கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் ஏது? எம்சிசாஃப்ட் என்ற நியூசிலாந்து நிறுவனம் இந்த வைரஸின் 148 வகைகளுக்கு 2019 அக்டோபரிலேயே இலவச மீட்புக் கருவி வெளியிட்டிருந்தது. அதை ஓட்டிப் பார்த்தேன், பலிக்கவில்லை. காரணம் எளிது. வைரஸுக்கு இணையம் கிடைத்தால் தன் எஜமானனிடமிருந்து ஒவ்வொரு கணினிக்கும் தனிச்சாவி வாங்கிப் பூட்டும். கிடைக்காவிட்டால்தான் கூடவே கொண்டுவந்த பொதுச்சாவியால் பூட்டும். பொதுச்சாவி அகப்பட்டுவிட்டால் பலருக்கும் திறக்கும். என் கடையில் அன்று பிராட்பேண்டு பிரமாதமாக வேலை செய்தது.

கொஞ்சம் மீண்டது வேறு வழியில். இந்த வைரஸ் அவசரக்காரன். ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவும். படக் கோப்புக்கு அந்தத் தலைப்பகுதி போனாலே சிக்கல். பல ஜிகாபைட் கல்யாண வீடியோவுக்கு அது யானையின் வால்முடி. அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்துப் பெரும்பாலான வீடியோக்களை ஒரு பழுதுநீக்கும் மென்பொருளில் சரிசெய்தோம். முகூர்த்தப் படங்கள் எடுத்த மெமரி கார்டை ஃபார்மட் செய்திருந்தேனே தவிர, மறுபடி பயன்படுத்தவில்லை, அதிலிருந்தவை மீண்டன. நிச்சயதார்த்தக் கார்டு ஒரு காதுகுத்துக்குப் போய் வந்துவிட்டது. பெண்ணின் தகப்பனார், "அண்ணாச்சி, ஆல்பம் எப்போது?" என்று கேட்கும்போதெல்லாம் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் உள்ளதைச் சொன்னேன். அந்த ஆல்பத்தின் முதல் ஆறு பக்கங்களில் இருப்பவை உறவினர்கள் செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய மங்கலான படங்கள்.

அதன் பிறகுதான் 3-2-1 என்ற முறையைக் கற்றேன். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். இதைப் பரப்பியவர் பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். எங்கள் தொழில்காரர் சொன்னதை நானே கேட்காமல் இருந்திருக்கிறேன்! இப்போது என் இரண்டாவது டிஸ்க் வாரம் ஒருமுறை கடைக்கு வந்து, நகல் எடுத்ததும் வீட்டுப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. இதைச் சின்னக் கடைக்காரனின் அசட்டுத்தனம் என்று யாரும் சிரிக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் அமைப்பை ரான்சம்வேர் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்களை இழந்தார்கள். தனியே ஒதுக்கிவைத்த பிரதி இல்லை.

கூகுள் டிரைவில் இருக்கிறதே என்பார்கள். கணினியோடு இணைத்து வைத்திருந்தால் பூட்டிய கோப்பும் சமர்த்தாக அங்கே ஏறிவிடும். பழைய பதிப்புகள் பொதுவாக 30 நாள் வரை இருக்கும் என்பதால், உடனே கவனித்தால் மீட்கலாம்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: வானாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே, தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்பே, கொடுத்துவிட்டது. இப்போது விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. எங்கள் தெருவில் பாதிக் கடைகளில் அதுதான் ஓடுகிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில், தெரியாத நிரல்கள் ஃபோல்டர்களைத் தொடவிடாமல் தடுக்கும் வசதி ஒன்று அணைத்தபடியே வருகிறது, அதைப் போட்டுவிடலாம். கோப்புப் பெயரின் கடைசியில் வரும் .jpg, .exe போன்ற பின்னொட்டைக் காட்டச் சொல்லியும் மாற்றிவிடலாம், கல்யாணப் பத்திரிகை என்று வருவது உண்மையில் நிரலாக ஓடும் எக்ஸி (.exe) கோப்பா என்று தெரிந்துவிடும். செல்போனில் வாட்ஸ்அப் வழியே வரும் ஏபிகே (செயலியை நிறுவும் கோப்பு) எதையும் நிறுவாமல் இருந்தாலே பெரும்பகுதி தொல்லை இல்லை.

பாதிக்கப்பட்டவர்கள் கணினியை அவசரப்பட்டு ஃபார்மட் செய்துவிட வேண்டாம். பூட்டிய கோப்புகளைத் தனியே எடுத்து வைத்திருங்கள். கும்பல் பிடிபட்டுச் சாவிகள் கிடைப்பது உண்டு. 2024-இல் லாக்பிட் கும்பலிடம் அப்படித்தான் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் டச்சுக் காவல்துறையும் சில நிறுவனங்களும் 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் மீட்புக் கருவிகள் இலவசம். இங்கே சைபர் குற்றங்களுக்கான உதவி எண் 1930. அடுத்த முறை இந்தப் பொருளில் கட்டுரை போடும்போது இவற்றைக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

ஜெராக்ஸ்காரரிடம் இதையெல்லாம் நேற்று ஒரு மணி நேரம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். எழுந்து வரும்போது அவருடைய கணினியின் பின்னால் கறுப்பாக ஏதோ மினுக்கிக்கொண்டிருந்தது. என்ன என்று கேட்டேன்.

"பேக்கப் டிஸ்க், அண்ணாச்சி. எப்போதும் மாட்டியேதான் வைத்திருக்கிறேன்" என்றார்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டூடியோக்காரர்,
கோவில்பட்டி.